எலி மூளையில் 'பீப்பாய்கள்' நிஜமாகவே இருக்கின்றனவா, புத்தகப் படம் மட்டும்தானா?

கேள்வியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நீங்களும் மூளையை மெல்லிய சீவல்களாக்கிப் பார்த்து ஒன்றும் தெரியாமல் நொந்துபோய்த்தான் கேட்கிறீர்கள். நானும் இரண்டு மாதம் அப்படித்தான் கிடந்தேன்.

இருக்கின்றன. சுண்டெலியில் இதை 1970-இல் வூல்சி, வான் டெர் லூஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். முகத்தில் பெரிய மீசை மயிர்கள் ஐந்து வரிசையாக இருக்கின்றன அல்லவா, மூளையின் எதிர்ப்பக்கத்தில், மேலே போர்த்தியிருக்கும் புறணியின் நான்காம் அடுக்கிலும் அதே வரிசையில், மயிருக்கு ஒன்றாக நியூரான் கூட்டங்கள் இருக்கும், அவைதான் பீப்பாய்கள். மூளைத்தண்டிலும், மூளையின் உள்ளே இருக்கும் தலாமஸிலும் இதே வரைபடம் உண்டு, அங்கிருந்துதான் புறணிக்கு வருகிறது. பிறந்த உடனே மயிர்க்கால்களை அழித்துவிட்டால் அந்த வரிசைக்கான பீப்பாய்கள் ஒழுங்காக உருவாவதில்லை என்பதையும் அதே இருவர்தான் 1973-இல் எழுதினார்கள்.

சரி, என் கதை. ஓர் ஆய்வகத்தில் புராஜெக்ட் அசிஸ்டன்ட்டாக இருந்தேன். வாழைக்காய் சீவுவதுபோல் மூளையை முன்னிருந்து பின்னாகக் குறுக்கே சீவிக்கொண்டே இருந்தேன். அப்படிச் சீவினால் நான்காம் அடுக்கில் நாலைந்து திட்டுகள்தான் தெரியும், வரிசை எங்கே தெரியப்போகிறது? கடைசியில் அங்கிருந்த டெக்னீஷியன் அண்ணன்தான், "புறணியைத் தனியே உரித்து எடும்மா, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வச்சுத் தட்டையாக்கி, படுக்கவச்சுச் சீவு" என்றார். அதிகம் வேலை செய்யும் இடங்களைப் பழுப்பாகக் காட்டும் சைட்டோக்ரோம் ஆக்ஸிடேஸ் சாயம் போட்டுக் காத்திருந்தேன், ஒரு சீவலில் பழுப்பாக, முத்து கோத்ததுபோல் டி வரிசை (ஐந்து வரிசைகளுக்கும் ஏ முதல் இ வரை பெயர்) மேலே வந்தது. முழுப் படமும் ஒரே சீவலில் கிடைக்காது, அடுத்தடுத்த மூன்று நான்கை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத்தான் வரைய வேண்டும். அன்று ராத்திரி சாப்பிடக்கூடப் போகவில்லை.

அந்தப் படம் அப்புறம் ஆய்வகத்தின் போஸ்டரில் பெரிதாக வந்தது. என் பெயரும் இல்லை, அந்த அண்ணன் பெயரும் இல்லை. நாலு மாத ஸ்டைபண்டும் பாக்கி, அதை விடுங்கள்.

பீப்பாய் என்றதும் 'ஒரு மயிர், ஒரு பெட்டி, அவ்வளவுதான்' என்று நான் சொன்னதாக யாராவது சண்டைக்கு வருவார்கள், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். அந்தத் தெளிவான எல்லை நான்காம் அடுக்கில்தான். அங்கிருந்து செய்தி இரண்டு, மூன்றாம் அடுக்குகளுக்குப் போய் ஐந்தாம் அடுக்குக்கு இறங்கும்போது பக்கத்து மயிர்களோடும் கலந்துவிடுகிறது. ஐந்தாம் அடுக்கு நியூரான் பல மயிர்களுக்குப் பதில் சொல்லும். பார்வைப் புறணியிலோ கதையே வேறு, பூனையில் ஒரே சாய்வில் இருக்கும் கோடுகளுக்குப் பதில் சொல்லும் நியூரான்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும், எலியில் உப்பும் மிளகும் தூவியதுபோல் கலந்து கிடக்கும்.

ஆக, நீங்கள் எந்தப் பக்கமாகச் சீவினீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். ஸ்லைடில் சீவலின் வரிசை எண்ணைச் சாதாரணப் பென்சிலால் எழுதுங்கள். நான் மார்க்கரில் எழுதி, ஆல்கஹாலில் முக்கியதும் எல்லாம் அழிந்து, எது எதற்கு அடுத்தது என்று தெரியாமல் ஒரு முழு மூளையையே தூக்கிப் போட்டேன்.