சின்ன நாட்டில் அரசுக் கொள்முதல் ஊழலைக் குறைக்க ஆன்லைன் டெண்டர் மட்டும் போதுமா?

கேள்வியில் உள்ள நாட்டுக்குப் பத்துப் பதினைந்து லட்சம் மக்கள். டெண்டரை முழுக்க இணையத்துக்கு மாற்றினால் கமிஷன் ஒழியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இணையம் வேண்டும்தான். ஆனால் அது கவர் பிரிக்கும் அந்த ஒரு நாளை மட்டுமே சுத்தப்படுத்தும். பணம் களவு போவது அதற்கு முன்னால் எஸ்டிமேட் என்கிற செலவு மதிப்பீட்டிலும், அதற்குப் பின்னால், செய்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்திலும் (எம்-புக்). சீர்திருத்தத்தை அந்த இரண்டு முனைகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன்.

2011 கணக்கெடுப்பில் சிவகங்கை மாவட்டத்தின் மக்கள்தொகை 13.39 லட்சம். எஸ்டோனியா என்கிற முழு நாட்டின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே சின்ன நாடு என்றதும் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், மானாமதுரை எல்லாம் சேர்ந்த நம் மாவட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஒன்றியத்தில் ஊரணி வேலை எடுக்கக்கூடிய கான்ட்ராக்டர்கள் பத்துப் பேர் இருந்தால், பத்துப் பேருக்கும் வேலையை மேற்பார்க்கும் ஓவர்சீயரைத் தெரியும். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு ஓவர்சீயர் மொய் எழுதியிருப்பார். பெரிய நாடாக இருந்தால் தணிக்கைக்குத் தொலைவிலிருந்து ஆள் அனுப்பலாம். சின்ன நாட்டில் வேற்றாள் என்று ஒருவரைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். அதனால் ஆளின் நேர்மையை மட்டும் நம்பும் ஏற்பாடு அங்கே நிற்காது. எவர் கையெழுத்துப் போட்டாலும் அந்தத் தாளை ஊர் முழுக்கப் பார்க்க முடிய வேண்டும்.

ஓர் ஊரணியைத் தூர்வாரும் வேலையை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்கு. நீளம் 60 மீட்டர், அகலம் 50 மீட்டர், வார வேண்டிய ஆழம் 1 மீட்டர். கரைச் சரிவை விட்டுவிட்டால் 3,000 கன மீட்டர் மண். வெட்டிய மண் உதிர்ந்து ஐந்தில் ஒரு பங்கு உப்பும் என்று வைத்தால் 3,600 கன மீட்டர். இரண்டு யூனிட் டிப்பர் ஒன்று 200 கன அடி, அதாவது 5.66 கன மீட்டர் ஏற்றும். ஆகவே ஏறக்குறைய 636 நடை அடிக்க வேண்டும். ஆழம் 60 சென்டிமீட்டரோடு நின்றுவிட்டால் 382 நடையில் வேலை முடிந்துவிடும். பில் மட்டும் 3,000 கன மீட்டருக்கு வரும். அந்த 254 நடை மண்தான் பங்கு பிரிகிற பணம். எந்த ஆன்லைன் டெண்டரும் இதைத் தொடாது.

இது எப்படித் தப்பிக்கிறது? வேலை தொடங்கும் முன் மட்டம் எடுப்பதில்லை, அதாவது தரையின் உயரத்தை அளந்து குறிப்பதில்லை. அல்லது எடுத்ததாக எழுதிக்கொள்கிறார்கள். வேலை உத்தரவு செப்டம்பர் கடைசியில் வரும். ஐப்பசி மழை பிடித்து ஊரணி நிறைந்தபின் ஆழத்தை யார் அளப்பது? சாட்சி தண்ணீருக்கடியில் போய்விடும். வாரிய மண்ணை 2 கிலோமீட்டர் தள்ளிக் கொட்டியதாக லீட் (மண்ணைக் கொண்டுபோகும் தூரம்) கணக்கு எழுதிவிட்டு, கரை மேலேயே குவித்திருப்பார்கள். முதல் மழையில் அது திரும்ப உள்ளே இறங்கும். ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எஸ்டிமேட்டில் சேர்க்கப்படாமல் போவதும் உண்டு. அப்போது குழி ஆழமாக இருக்கும், தண்ணீர் வராது. ஒரு எச்சரிக்கை: அதிகம் தோண்டினாலும் கேடுதான். செம்புராங்கல் பூமியில் அடியில் படிந்திருக்கும் களிப்படுகையை உடைத்துவிட்டால் ஊரணியில் நீர் நிற்காது. கன மீட்டருக்குக் காசு என்று மட்டும் ஒப்பந்தம் இருந்தால் அந்தப் படுகையை உடைக்க ஆசை வரும்.

மருந்து எளியது. 5 மீட்டருக்கு ஒன்றாகக் கட்டம் போட்டால் இந்த ஊரணியில் 13க்கு 11, மொத்தம் 143 புள்ளிகள். படித்துறையில் அசையாத ஒரு கல்லை ஆதார மட்டமாக வைத்து, டெண்டர் அறிவிக்கும் முன்பே 143 மட்டங்களையும் எடுத்து, புகைப்படத்தோடு எஸ்டிமேட்டில் இணைத்துப் பொதுவில் போட வேண்டும். வேலை முடிந்ததும் மழைக்கு முன் அதே புள்ளிகளில் மறுபடி எடுக்க வேண்டும். முதல் மட்டம் எடுத்தவரே இரண்டாவதையும் எடுக்கக் கூடாது. இரண்டு பட்டியலும் வெளியாகாமல் கடைசிப் பில் நகரக் கூடாது. லெவல் கருவியும் ஸ்டாஃப் என்கிற ஓர் அளவுகோலும் வைத்து ஒரு நாளில் முடியும் வேலை இது. சாலை, கட்டடம், மருந்து, பள்ளி மேசை எதற்கும் இதே வழிதான்: பணம் கொடுக்கும் அளவை, பணம் கொடுக்கும் முன் எவரும் சரிபார்க்கிற மாதிரி எழுதி வைப்பது.

சிமென்ட் சாலைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்றால் 45 கன மீட்டர் கான்கிரீட். சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவையில் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை, ஆக 360 மூட்டை சிமென்ட். கனத்தை 12 சென்டிமீட்டராகக் குறைத்தால் 72 மூட்டை மிச்சம். ஓரத்தில் மட்டும் 15 சென்டிமீட்டர் காட்டிவிட்டு நடுவில் குறைப்பதுதான் வழக்கம். ஆகவே ஓரத்தில் டேப் பிடித்து அளப்பதில் பயனில்லை. நடுவில் கோர், அதாவது உருளை வடிவத் துண்டு, வெட்டி எடுக்க வேண்டும்.

இனி டெண்டர் கட்டம். தமிழ்நாட்டில் இதற்கு 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும் உண்டு. 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும்; குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். நல்ல விதி. ஆனால் அந்த எழுதிய காரணம் கோப்புக்குள்ளேயே கிடந்தால் விதி இருந்தும் இல்லாததுதான். நாட்களைக் குறைத்த ஒவ்வொரு டெண்டரையும் காரணத்தோடு தனிப் பட்டியலாக மாதந்தோறும் வெளியிடச் சொல்லுங்கள். அவசரத்தின் பேரில் நடக்கும் பாதிக் காரியம் அதிலேயே அடங்கும்.

போட்டியாளரை விலக்கும் தந்திரங்கள் சின்னச் சின்ன நிபந்தனைகளில் ஒளிந்திருக்கும். வேலை நடக்கும் இடத்தைப் பார்த்ததற்குப் பொறியாளரிடம் சான்று வாங்கி இணைக்க வேண்டும் என்று ஒரு வரி போதும். வேண்டாதவர் சான்று கேட்டு வரும்போது பொறியாளர் கேம்ப் போயிருப்பார். அதோடு, யார் யார் போட்டியில் இருக்கிறார்கள் என்பதும் கசிந்துவிடும். டெண்டர் படிவத்தை அலுவலகத்தில் நேரில் வாங்குவது, டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகையை டிராஃப்டாக நேரில் கட்டுவது இரண்டிலும் இதே கசிவு. பெயர் தெரிந்தால் அன்று இரவே கூடிப் பேசி இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு என்று முடித்துவிடுவார்கள். படிவம் இலவசப் பதிவிறக்கம், தொகை இணையத்தில் மட்டும், இடப் பார்வைச் சான்று அறவே கூடாது: இணைய டெண்டரின் உண்மையான பலன் இந்த மூன்றில்தான் இருக்கிறது. அனுபவத் தகுதிக்கும் ஒரு சோதனை வையுங்கள். எழுதிய நிபந்தனைக்குள் நாட்டில் எத்தனை நிறுவனம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் நிபந்தனையைத் திருப்பி எழுதுங்கள்.

கூட்டுச் சேர்ந்து விலை போடுவதைத் தாளிலேயே பிடிக்கலாம். மூன்று பேரின் விலையும் ஒவ்வொரு வேலை இனத்திலும் ஒரே விகிதத்தில் ஏறியிருக்கும். ஒரே எழுத்துப் பிழை மூன்று விண்ணப்பத்திலும் இருக்கும். டிராஃப்ட் எண்கள் ஒரே கிளையில் அடுத்தடுத்து வரும், அல்லது மூன்றும் ஒரே கணினியிலிருந்து ஏற்றப்பட்டிருக்கும். தோற்றவரே துணை ஒப்பந்ததாரராக வேலைத் தளத்தில் நிற்பார். இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் இப்படிப்பட்ட கூட்டு ஏலத்தைத் தடை செய்கிறது. கூட்டில் இருந்த ஒருவர் முதலில் வந்து உண்மையைச் சொன்னால் அபராதத்தில் சலுகையும் உண்டு. சின்ன நாடு இந்தச் சலுகையை அவசியம் வைக்க வேண்டும். பத்துப் பேர் கூட்டை வெளியிலிருந்து உடைப்பதை விட உள்ளிருந்து உடைப்பது எளிது.

இப்போது வெளிநாட்டு அனுபவம். சுமார் 54 லட்சம் பேர் வாழும் ஸ்லோவாக்கியாவில் 2007இல் சுமார் 12 கோடி யூரோ மதிப்புள்ள ஒரு வேலைக்கான டெண்டர் அறிவிப்பை அமைச்சகக் கட்டடத்துக்குள்ளே, வெளியார் எளிதில் போக முடியாத இடத்தில் இருந்த நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அறிவிப்பு போட்டாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், யார் பார்த்தார்கள்? நாடே கொதித்த விவகாரம் அது. பின்னர் 2011 முதல் அங்கே ஒரு சட்டம்: அரசு செய்யும் ஒப்பந்தம் இணையப் பதிவேட்டில் வெளியானால்தான் நடைமுறைக்கு வரும், மூன்று மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் அப்படி ஓர் ஒப்பந்தமே நடக்கவில்லை என்று பொருள். எனக்குத் தெரிந்த சீர்திருத்தங்களில் செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததும் இதுதான். மறைத்தால் நஷ்டம் கான்ட்ராக்டருக்கு. ஆகவே வெளியிட்டாயிற்றா என்று அவரே அலுவலகத்தை விரட்டுவார். 2017இல் இன்னொரு பதிவேடும் வந்தது. அரசோடு வணிகம் செய்யும் நிறுவனத்தின் உண்மையான உடைமையாளர் யார் என்று அதில் பதிய வேண்டும். மச்சினன் பேரில் கம்பெனி வைக்கும் பழக்கம் நமக்குப் புதிதா என்ன?

40 லட்சத்துக்கும் குறைவான பேர் உள்ள ஜார்ஜியா 2010 டிசம்பரோடு காகித டெண்டரை நிறுத்தியது. அங்கே எனக்குப் பிடித்தது மென்பொருளை விடப் புகார் வாரியம். தொடங்கியபோது அரசுத் தரப்பில் மூவர், குடிமைச் சமூகத்தில் மூவர் என்று சமமாக அமைத்தார்கள். புகாரை இணையத்திலேயே போடலாம், 10 வேலை நாளில் தீர்ப்பு. நம் தமிழ்நாட்டுச் சட்டத்தில் முடிவு கிடைத்த 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அது அரசிடமே போகிறது. டெண்டர் விட்டவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒரே வீட்டார் என்றால் தோற்றவர் எதற்குப் புகார் கொடுக்கப் போகிறார்? ஜார்ஜியாவிலும் ஓட்டை இருந்தது. டெண்டர் இல்லாமல் நேரடியாக வாங்கும் வழியை ஏராளமாகப் பயன்படுத்தினார்கள். முன்வாசலைப் பூட்டினால் கொல்லைப்புறம் போவார்கள். 15 லட்ச ரூபாய்ச் சாலையை வரம்புக்குக் கீழே வருகிற மாதிரி மூன்று துண்டாக வெட்டுவதும் இதே கதை. ஒரே தெரு, ஒரே ஆண்டு, ஒரே வகை வேலை என்றால் கணினியே கூட்டிக் காட்ட வேண்டும்.

கமிஷனுக்கு இன்னொரு வேர் உண்டு, சீர்திருத்தம் பேசுபவர்கள் இதைத் தொடுவதே இல்லை: பில் தாமதம். வட்டிக் கணக்கு செட்டிநாட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கான்ட்ராக்டர் 10 லட்சம் ரூபாய் வெளியில் வாங்கிப் போட்டிருக்கிறார், மாதம் நூற்றுக்கு 2 வட்டி. பில் ஆறு மாதம் தள்ளினால் 1,20,000 ரூபாய், அதாவது 12 சதவீதம். இன்றைக்கே செக் போட 5 சதவீதம் கேட்டால் அவருக்கு அது லாபமாகத் தெரியும். நேர்மையாக வேலை செய்தவர்கூட இங்கேதான் கை நீட்டிக் கொடுக்கிறார். அளவு பதிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பில் பணம் போய்ச் சேர வேண்டும். தாண்டினால் கேட்காமலே வட்டி. பில்கள் வந்த வரிசை எண்ணும் பட்டுவாடா நாளும் பொதுவில். முன்னால் வந்தவரைத் தாண்டிப் பின்னால் வந்தவருக்குப் பணம் போனால் அது எல்லார் கண்ணிலும் படும்.

விலையை அடிமட்டத்துக்குக் குறைத்து எடுப்பவரிடமும் கவனம் வேண்டும். எஸ்டிமேட்டை விட 30 சதவீதம் லெஸ் (குறைவு) போட்டு எடுத்தவர் அந்தப் பணத்தைத் தரத்தில்தான் மீட்பார். குறைத்த தொகையில் பாதியைக் கூடுதல் வைப்பாக வாங்கி, இரண்டு மழைக்காலம் கழித்துத் திருப்பித் தரலாம்.

ஆள் விஷயத்தில் நகரத்தாரின் பழைய வழக்கம் ஒன்று இன்றைக்கும் பொருந்தும். பர்மா, மலேயா கடைகளில் ஏஜெண்டுக்குப் பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. அது முடிந்ததும் பேரேடு, ஐந்தொகை (வரவு செலவு, சொத்து கடன் அறிக்கை) எல்லாவற்றையும் அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். கணக்கைப் பிரித்துப் பார்க்க ஒருவர் வருவார் என்று முதல் நாளே தெரிந்திருந்தால் எழுதும் கை ஒழுங்காக எழுதும். கொள்முதல் அதிகாரிக்கும் மூன்று ஆண்டு. மாற்றத்தின்போது நடப்பில் உள்ள வேலைகளில் பத்தில் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்துப் புதியவர் நேரில் அளந்து, பழைய அளவுக்குப் பக்கத்தில் தன் அளவை எழுத வேண்டும்.

கடைசியாகச் சட்ட வாசகம் ஒன்று. இந்தியத் தகவல் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 2(ஜே) காகித நகல் கேட்கும் உரிமையோடு நிற்கவில்லை. வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளித்த மாதிரி எடுக்கவும் அது உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் மனுவுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (ஸ்டாம்ப்), 30 நாளில் பதில். மனுவில் எஸ்டிமேட், எம்-புக் பக்கங்கள், தொடக்க மட்டம், இறுதி மட்டம் இந்த நான்கின் நகலையும் கேட்டு, சாலை நடுவில் கோர் மாதிரி எடுக்க நாள் குறித்துத் தரும்படி ஒரு வரி சேருங்கள். உங்கள் சின்ன நாட்டுச் சட்டத்தில் இந்த மாதிரி எடுக்கும் உரிமை இல்லையென்றால் அதை முதல் திருத்தமாகக் கேளுங்கள். சோதனைக் கூடக் கட்டணத்தை அரசே ஏற்க வேண்டும் என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள்.