கேளுங்க, சொல்றேன்: அழியாத எனர்ஜிக்கு எதுக்கு கரண்ட் பில்?

கேள்வி: ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாதுன்னு என் பொண்ணு ஒன்பதாவது புக்ல படிக்கிறா. அப்படின்னா எங்க பார்த்தாலும் எனர்ஜியை சேமிங்கன்னு ஏன் எழுதி வெச்சிருக்காங்க, அழியாததை எதுக்குப்பா சேமிக்கணும்னு கேக்கறா. என்ன சார் பதில் சொல்றது?
- வாசகர், அல்சூர்

பதில்: அருமையான கேள்வி, பொண்ணை விடாம கேக்கச் சொல்லுங்க. புக்ல இருக்கறது மொத்தக் கணக்கு. போர்டுல எழுதியிருக்கறது நம்ம கைக்கு உதவற பங்கைப் பத்தி. ரெண்டும் உண்மைதான்.

நம்ம பெங்களூருக்கு வர்ற காவிரித் தண்ணியையே பாருங்க. காவிரித் தண்ணியை பம்ப் பண்ற டி.கே. ஹள்ளில இருந்து கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் பைப்ல வருது, ஊர் மேட்டுல இருக்கறதால சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு பம்ப் பண்ணி ஏத்தியாகணும். 1,000 லிட்டரை அவ்வளவு உயரம் ஏத்த 49 லட்சம் ஜூல் வேணும் (ஜூல்ங்கறது எனர்ஜியை அளக்கற அலகு), நம்ம பில்லுல வர்ற ஒரு யூனிட்டுங்கறது 36 லட்சம் ஜூல், ஆக நஷ்டமே இல்லாத பம்ப்பா இருந்தாக்கூட 1.36 யூனிட் ஆகும், நிஜத்துல மோட்டார் சூடாகுது, தண்ணி பைப்ல உரசிக்கிட்டே வருது, அதனால இன்னும் ஜாஸ்திதான். அந்தச் சூடு எங்கயும் காணாமப் போகல, காத்துலயும் தண்ணிலயும் மண்ணுலயும் கலந்துடுச்சு. ஆனா அதைத் திரும்பத் திரட்டி அடுத்த 1,000 லிட்டரை ஏத்தறதுன்னா நடக்காது.

வீட்டு கீசர்லயும் இதேதான். 15 லிட்டர் தண்ணி 25 டிகிரில இருந்து 45 டிகிரி ஆக சுமார் 12.5 லட்சம் ஜூல், அதாவது மூணுல ஒரு பங்கு யூனிட். குளிச்சு முடிச்சா அவ்வளவும் சாக்கடைல போய் ஆறிப் போகுது. ஒரு ஜூல் கூட குறையல, ஆனா ஒரு பல்ப் எரிக்கக் கூட இனிமே உதவாது. மொத்தம் மாறாதுங்கறதுக்கு ஜேம்ஸ் ஜூல்ங்கற விஞ்ஞானி 1840கள்ல செஞ்ச சோதனைகள் பெரிய ஆதாரம், எடை கீழ இறங்க இறங்க துடுப்பு சுத்தித் தண்ணி சூடாகறதை அளந்து காட்டினாரு. பரவின சூடு தானா ஒண்ணு சேராதுங்கற இன்னொரு பாதியைக் கணக்குல சொல்ற அளவுக்கு கிளாசியஸ்ங்கற விஞ்ஞானி 1865ல என்ட்ரோபின்னு பேர் வெச்சாரு. ஸ்கூல்ல முதல் பாதியை மட்டும் மனப்பாடம் பண்ண வைக்கறதாலதான் பசங்களுக்கு இந்தக் குழப்பமே வருது, ரெண்டையும் சேர்த்தே சொல்லிக் குடுக்கணும்.

கேள்வி: எங்க வீட்ல நெகட்டிவ் எனர்ஜி இருக்காம், ஒரு கல்லை வாங்கி ஹால்ல வெச்சா பாசிட்டிவ் ஆகிடுமாம். இதை சயின்ஸே ஒத்துக்குதுன்னு சொல்றாங்களே?
- வாசகி, மல்லேஸ்வரம்

பதில்: சயின்ஸ் அப்படி எதையும் ஒத்துக்கலம்மா. மனசு தெம்பா இருக்கறதை பாசிட்டிவ் எனர்ஜின்னு சொல்றதுல தப்பே இல்ல, எல்லாரும் பேசறதுதான். ஃபிசிக்ஸ்ல சொல்ற எனர்ஜியை ஜூல்ல அளக்கணும், அதுக்கு நல்லது கெட்டது கிடையாது. விக்கறவங்க சயின்ஸ் பேரைச் சொன்னா எத்தனை ஜூல், எதை வெச்சு அளந்தீங்கன்னு கேளுங்க. பதில் வரலைன்னா பணத்தைக் குடுக்காதீங்க.

கேள்வி: 20 லிட்டர் வாட்டர் கேனை மூணாவது மாடிக்குத் தூக்கிட்டு வந்து, நாங்க கதவைத் திறக்கற வரைக்கும் தோள்லயே வெச்சுட்டு நிக்கற பையன் நிக்கும்போது வேலையே செய்யலைன்னு ஃபிசிக்ஸ் சொல்லுதாமே, இது என்ன நியாயம்?
- வாசகி, சிவாஜிநகர்

பதில்: நிக்கும்போது கேன் மேல ஏறல, அதனால கேனுக்கு எனர்ஜி எதுவும் கூடல. ஃபிசிக்ஸ் சொல்றது இவ்வளவுதான். பையனோட உடம்புக்குள்ள நடக்கறது வேற கதை. கேன் அசையாம இருக்கணும்னா தசை நார்கள் ஓயாம இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே இருக்கணும், அதுக்கு சாப்பாட்டுல இருந்து கிடைச்ச எனர்ஜி செலவாகி சூடா வெளில வருது, வேர்வை ஊத்தறது அதான்.

படி ஏறினதுக்கும் கணக்கு இருக்கு. மூணு மாடின்னா சுமார் 9 மீட்டர்னு வெச்சுக்கோங்க. கேன் 20 கிலோ, பையன் 60 கிலோ, ரெண்டையும் ஏத்த கிட்டத்தட்ட 7,000 ஜூல். தசைகள் எரிக்கறதுல நாலுல ஒரு பங்குதான் தூக்கறதுக்குப் போகும், மீதி சூடாயிடும், அதையும் சேர்த்தா சுமார் 7 கிலோகேலரி, அரை ஸ்பூன் சர்க்கரை அளவு கூட இல்ல. இந்த நம்பரைக் காட்டி இதெல்லாம் ஒரு வேலையான்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வரும், ஏன்னா முட்டி தேயறதும் தோள் கடுக்கறதும் ஜூல்ல வராது.

உங்க பில்டிங்ல லிஃப்ட் இருந்தும் கேன் கொண்டு வர்றவங்களைப் படியில ஏறச் சொல்றாங்கன்னா அசோசியேஷன்ல பேசுங்க. அந்த 7,000 ஜூல் ஒரு யூனிட்ல ஐநூறுல ஒரு பங்குதான், லிஃப்ட் மோட்டார் நஷ்டத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு ட்ரிப்புக்கு ஆகற கரண்ட் ரொம்ப சொற்பம்.