நான்கு மணி நேரம் யாருடையது?

வணக்கம் மேடம்,

சில ஆண்டுகளாக உங்கள் கட்டுரைகளை வாசித்து வருகிறேன். பதினோரு ஆண்டுகள் ரயிலில் வேலைக்குப் போய்வந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் இதைக் கேட்கத் தோன்றியது.

எனக்கு 36 வயது. இப்போதைய அலுவலகம் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிறது. வேறொரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் 30 சதவீதம் கூடுதல். நான் பல ஆண்டுகளாகச் செய்ய ஆசைப்பட்ட வேலையும்கூட. ஆனால் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். கொஞ்ச தூரம் பஸ், பிறகு ரயில். வீடு மாற்ற வழியில்லை. அம்மா எங்களுடன் இருக்கிறார், மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், மனைவியின் அலுவலகமும் பக்கத்தில்தான். மனைவி சமாளித்துக்கொள்வாள். போகிற நேரத்தில் படிக்கலாம், பாட்காஸ்ட் கேட்கலாம், உனக்கென்று நேரம் கிடைக்கும் என்கிறார்கள் நண்பர்கள். பதில் சொல்ல மூன்று வாரம் இருக்கிறது. போகலாமா?

வெ.

அன்புள்ள வெ.,

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். இப்போது எட்டு மணி நேர வேலை, ஒரு மணி நேரப் பயணம். ஒன்பது மணி நேரம் கொடுத்து 100 வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 11.1. புதிய இடத்தில் பன்னிரண்டு மணி நேரம் கொடுத்து 130 வாங்குவீர்கள். மணிக்கு 10.8. சம்பளம் ஏறுகிறது, மணிக்கூலி இறங்குகிறது. இரண்டும் சமமாக இருக்கவே 33 சதவீதத்துக்கு மேல் உயர்வு வேண்டும். பயணச் செலவை இன்னும் நான் கழிக்கவில்லை.

நாட்களாகவும் பார்க்கலாம். வாரம் ஐந்து நாள், ஆண்டுக்கு 48 வாரம் என்றால், புதிய வேலைக்குப் போய்வர மட்டும் 960 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் 120 நாள். இப்போது பயணத்துக்கு நீங்கள் கொடுப்பது 30 நாள். ஆக, ஆண்டுக்குத் தொண்ணூறு வேலைநாட்கள் கூடுதலாகப் போகின்றன.

இந்தக் கணக்கோடு கடிதத்தை மூடிவிடலாம்தான். ஆனால் நீங்கள் ஆசைப்பட்ட வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மணிக்கூலியில் அளக்க முடியாது. பிடிக்காத வேலைக்கு அரை மணி நேரத்தில் போய்ச்சேருவதும் பெரிய பாக்கியம் இல்லை. அடுத்த உயர்வு இந்தச் சம்பளத்திலிருந்துதான் ஏறும் என்பதும் உண்மை.

செசாரே மார்ச்செட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-இல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம்தான் போய்வரச் செலவிடுகிறார்கள், வாகனம் மாறினாலும் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை என்பது அவர் வாதம். யாகோவ் ஸஹாவி என்ற போக்குவரத்து ஆய்வாளர் அதற்கு முன்பே தொடங்கிவைத்த சிந்தனை அது. நடந்தே போன காலத்தில், மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில், ஊரின் நடுவிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் போய்த் திரும்பினால் ஒரு மணி நேரம். மதில் கட்டிய பழைய நகரங்கள் குறுக்களவில் ஐந்து கிலோமீட்டர் அளவிலேயே நின்றதை மார்ச்செட்டி இதோடு சேர்த்துப் பார்க்கிறார். வேகமான வண்டி வந்தபோது நேரம் மிச்சமாகவில்லை, ஊர் விரிந்தது. அது சராசரிதான், விதியல்ல. ஆனாலும் சராசரி மனிதன் ஒரு நாளில் தாங்குவதைப் போல நான்கு மடங்கைத் தாங்குவதாக நீங்கள் சொல்கிறீர்கள் என்பது தெரிந்திருக்கட்டும்.

மனிதர்கள் ஏன் இதில் திரும்பத் திரும்பத் தப்புக் கணக்குப் போடுகிறார்கள் என்பதுதான் எனக்கு அதிகம் சுவாரசியமான கேள்வி. பொருளாதாரப் பாடத்தின்படி, தூரத்திலிருந்து வருபவர் அதற்கு ஈடாக நல்ல சம்பளமோ மலிவான வீடோ பெற்றிருப்பார், எனவே மொத்தத்தில் அவர் மகிழ்ச்சி குறையக் கூடாது. பொருளாதார ஆய்வாளர்கள் அலோய்ஸ் ஸ்டுட்சரும் புரூனோ ஃபிரேயும் ஜெர்மனியில் பல ஆண்டுகள் தொடர்ந்து திரட்டப்பட்ட தரவுகளை வைத்து இதைச் சோதித்தார்கள். 2008-இல் வெளியான முடிவு வேறாக இருந்தது. பயணம் நீள நீள, வாழ்க்கை திருப்தியாக இருக்கிறது என்று சொல்வது குறைந்தது. ஈடு கிடைக்கவில்லை.

காரணம் எனக்கு என் அனுபவத்தில் தெரியும். கூடுதல் சம்பளம் நான்கைந்து மாதத்தில் பழகிப்போகும். பிறகு அது கூடுதல் இல்லை, வெறும் சம்பளம். பயணம் அப்படிப் பழகாது. தினமும் ஒரேபோல இருந்தால் உடம்பு ஏற்றுக்கொள்ளும், ஆனால் அது ஒரேபோல இருப்பதில்லை. இன்று பத்து நிமிடம் தாமதம், நாளை நாற்பது, நாளை மறுநாள் சரியாக வரும், நாம் தாமதம். ரயிலில் வேலைக்குப் போகிறவர்களை ஆராய்ந்த கேரி எவன்ஸும் ரிச்சர்ட் வேனரும், பயணம் எப்படி அமையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபோது மன அழுத்தம் கூடுகிறது என்று கண்டார்கள். என்னைக் கேட்டால் இரண்டு மணி நேரத்தைவிட, ஒன்றரைக்கும் மூன்றுக்கும் நடுவே ஏதோ ஒன்று என்பதுதான் ஆளைத் தின்கிறது. உங்கள் பயணத்தில் பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறும் ஒரு கண்ணி வேறு இருக்கிறது. பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் ரயில் போய்விடும். அந்த ஐந்து நிமிடத்தின் விலை அடுத்த ரயில் வரைக்குமான நேரம். ஒரே வண்டியில் இரண்டு மணி நேரம் என்று எழுதியிருந்தால் என் பதில் இவ்வளவு தயங்கியிருக்காது.

இனி, படிக்கலாம் என்ற ஆறுதலுக்கு வருகிறேன். நான் படித்தேன். பதினோரு ஆண்டில் நிறையவே படித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் மட்டும். அதுவும் உட்கார இடம் கிடைத்த நாளில், அதாவது வண்டி கிளம்பும் நிலையத்தில் நான் ஏறியதால். மாலையில் அதே புத்தகத்தின் அதே பக்கம் மடியில் திறந்திருக்கும், நான் தூங்கிக்கொண்டிருப்பேன். நின்றபடி ஒரு கையால் கம்பியைப் பிடித்திருப்பவருக்கு யாரும் புத்தகம் சிபாரிசு செய்ய வேண்டாம். உங்கள் நண்பர்களில் எத்தனை பேர் தினம் நான்கு மணி நேரம் பயணிக்கிறார்கள் என்று கேட்டுப்பாருங்கள்.

பயணத்தால் நன்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் யாருக்கும் நான் எதுவுமாக இருக்க வேண்டியிராத ஒரு நேரம் இருந்தது, அதை நான் விரும்பினேன். கலிஃபோர்னியாவில் பாட்ரீஷியா மொக்தாரியனும் லோத்லோரியன் ரெட்மண்டும் நடத்திய ஆய்வில், பயணமே வேண்டாம் என்றவர்கள் மிகச் சிலர்தான். தங்களுக்குப் பிடித்தமான பயண நேரம் என்று ஆய்வில் பங்கேற்றவர்கள் சொன்னதன் சராசரி ஒரு வழிக்குச் சுமார் 16 நிமிடம். நான் அனுபவித்த சுகமும் முதல் இருபது நிமிடத்தோடு முடிந்துவிடும். என் பயணத்தில் மீதி எண்பது நிமிடமும் வெறும் உட்காருதல்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி இதெல்லாம் இல்லை. 'மனைவி சமாளித்துக்கொள்வாள்.' சம்பளத்துக்கு ஒரு வரி, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஒரு வரி, அவருக்கு இரண்டே சொல். அவரிடம் கேட்டீர்களா, அவரே சொன்னாரா என்று கடிதத்தில் இல்லை.

பயணத்தில் போகும் நான்கு மணி நேரம் உங்களுடையது என்று நினைக்கிறீர்கள். அதில் பெரும்பகுதி உங்களுடையது அல்ல. காலை ஆறரைக்கு நீங்கள் கிளம்பினால், மகளை எழுப்பிக் கிளப்பும் நேரம் அப்படியே ஒருவர் கைக்கு மாறுகிறது. பள்ளியிலிருந்து காலை பதினொரு மணிக்குக் காய்ச்சல் என்று அழைப்பு வந்தால் யார் போவார்? இரண்டு மணி நேரத் தொலைவில் இருப்பவரை யாரும் கூப்பிடக்கூட மாட்டார்கள். அம்மாவின் மருத்துவரிடம் போகும் நாளும் அப்படித்தான். உங்கள் மனைவியின் அலுவலகத்தில் அவர் அடிக்கடி அனுமதி கேட்பவர் ஆவார். உங்களுக்கு உயர்வு வருகிற அதே ஆண்டில் அவருக்கு அது தள்ளிப்போனால், 30 சதவீதத்தில் அவர் பங்கையும் கழிக்க வேண்டாமா?

நான் பெண், எங்கள் வீட்டில் இது தலைகீழாக நடந்தது. சமாளித்தவர் என் கணவர். ஒரு மாலை விடுப்பில் வீட்டில் இருந்தேன். மகள் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போய் அவரிடம் கேட்டாள். எனக்குக் கணக்கு வரும், அவருக்கு வராது. ஆனால் அவளுக்குச் சந்தேகம் வருவது ஆறு மணிக்கு, நான் வருவது எட்டேகாலுக்கு. ஆறு மணிக்கு யார் இருக்கிறாரோ அவரிடம் கேட்கப் பழகிவிட்டாள். கோபமெல்லாம் இல்லை அவளுக்கு. நான் கை நீட்டியபோது, 'உனக்கு டயர்டா இருக்கும்மா' என்றாள்.

ஸ்வீடனில் எரிகா சாண்டோ இதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார். ஒரு வழிக்கு 45 நிமிடத்துக்கு மேல் பயணிப்பவர்களின் இணைவாழ்வு முறிய 40 சதவீதம் கூடுதல் வாய்ப்பு இருந்ததாகவும், முதல் சில ஆண்டுகள்தான் கடினம் என்றும் அவர் கண்டார். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எங்களுக்கு எதுவும் முறியவில்லை. ஆனால் முதல் மூன்று ஆண்டுகளைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றும் அதிகம் பேசுவதில்லை.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவேயில்லை. மீதியெல்லாம் பிடுங்கப்படும்போது எதிர்ப்பு சொல்லும், தூக்கம் சொல்லாது. எனவே முதலில் அதிலிருந்துதான் எடுப்பீர்கள்.

போகலாமா என்றுதானே கேட்டீர்கள். ஐந்து நாளும் என்றால் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி உண்டா என்று இப்போதே கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். உங்களை அவர்களுக்கு மிகவும் வேண்டியிருப்பது இந்த மூன்று வாரத்தில்தான். சேர்ந்தபின் கேட்டால் அது சலுகை. கிடைத்தால் போங்கள், ஆனால் எத்தனை ஆண்டுக்கு என்று ஒரு தேதி வைத்துக்கொண்டு போங்கள். மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை என்பதுபோல. நான் தேதி வைக்கவில்லை. இரண்டு ஆண்டு என்று கிளம்பியது பதினொன்று ஆனது.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒரு திங்கட்கிழமை விடுப்பெடுத்து, உண்மையில் போக வேண்டிய நேரத்தில் கிளம்பி அங்கே போங்கள். நேர்முகத்துக்கு நீங்கள் போனது எப்படியும் கூட்டம் குறைந்த நேரமாகத்தான் இருக்கும். மாலை வரை அங்கேயே எங்காவது உட்கார்ந்திருந்து, அலுவலகம் விடும் நேரத்தில் திரும்புங்கள். வீட்டுக்குள் நுழையும்போது மணி என்ன, மகள் விழித்திருக்கிறாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் காலையிலிருந்து வீட்டில் என்னென்ன நடந்தது என்று மனைவியிடம் கேளுங்கள். சமாளிக்க முடியுமா என்ற கேள்வியை அதன் பிறகு அவரிடமே வையுங்கள்.