யார் மேளம் கட்டுவார்?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 41. மூன்று ஆண்டுகளாக வீணை கற்கிறேன். இதுவரை ஆசிரியை வீட்டு வீணையில்தான் பயிற்சி. சென்ற மாதம் ஸ்ரீரங்கத்தில் வீட்டைக் காலி செய்கிறவர்கள் பழைய தஞ்சாவூர் வீணை ஒன்றை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். 60 ஆண்டுப் பழையது, ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை என்கிறார்கள். விலை 25,000 ரூபாய். குடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். தந்தியை முறுக்கும் பிரடைகள் இரண்டு இல்லை. மெழுகு ஆங்காங்கே உதிர்ந்திருக்கிறது. முனையில் செதுக்கிய யாளியின் கீழ்த்தாடை உடைந்திருக்கிறது. ஆசிரியை புதிதாக வாங்கச் சொல்கிறார். உடைந்த வாத்தியம் வீட்டுக்கு ஆகாது என்கிறார் மாமியார். பின்னாளில் பழம்பொருளாக விலை ஏறுமா? படங்களை இணைத்திருக்கிறேன். வாங்கலாமா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்தபோது எங்கள் கூடத்தில் பாய்மேல் என் அத்தையின் வீணை, தந்திக்குக் கீழே குறுக்காக நிற்கும் மெட்டெல்லாம் கழற்றப்பட்டுக் கிடந்தது. 24 பித்தளை மெட்டுகளும் ஒரு தாம்பாளத்தில் வரிசையாக இருந்தன. மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுரம் பார்த்து மெழுகில் பதிக்க, வந்த ஆசாரி சாப்பிடப் போயிருந்தார். வீடு முழுக்க மெழுகும் குங்கிலியமும் உருகிய வாசனை. அந்த வாசனையில் உட்கார்ந்துதான் உங்கள் படங்களைப் பார்த்தேன்.

பதினொரு படங்கள். அவற்றில் ஐந்து யாளிக்கு. இரண்டு குடத்தின் விரிசலுக்கு. ஒன்றில் வீட்டுக்காரர்களின் ஊஞ்சல்கூட வந்திருக்கிறது. மெட்டுகள் நிற்கும் நீண்ட தண்டியைப் பக்கவாட்டில் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. கடிதத்திலும் விலை இருக்கிறது, வயது இருக்கிறது, மாமியார் இருக்கிறார். அந்த வீணை எப்படி ஒலித்தது என்று ஒரு வரி இல்லை. மூன்று ஆண்டு கற்றவர் நீங்கள். தந்தி துருப்பிடித்திருந்தால் இரண்டு புதுத் தந்திகளை வாங்கிப் போயிருக்கலாமே! பெண் பார்க்கப் போய் வீட்டின் பட்டாவைப் பார்த்துவிட்டு வந்த கதையாக இருக்கிறது.

யாளியை விடுங்கள். அது வாசிக்காது. மாமியாருக்குச் சொல்லுங்கள், சரஸ்வதி பூஜைக்குள் சரிசெய்துவிட்டால் அவரே சந்தனம் வைப்பார். விலை ஏறுமா என்று கேட்பவர் நகைக்கடைக்குப் போவது நல்லது. ஏகாண்டம் என்பதை விற்கிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். குடத்திலிருந்து தண்டிக்கு மரத்தின் ரேகை அறுபடாமல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அறுபட்டிருந்தால் ஒட்டு வீணை, அதனாலும் குடி முழுகிவிடாது. விரிசல் மரத்தின் போக்கிலேயே போயிருந்தால் அடைத்துவிடலாம், தந்திகளைத் தாங்கும் குதிரைக்குக் கீழே மேல்பலகை அமிழ்ந்திருந்தால்தான் கவலை. உங்கள் ஆசிரியை சொல்வதிலும் நியாயம் உண்டு. பழுது பார்க்கிறேன் பேர்வழி என்று நீங்கள் ஆறு மாதம் பயிற்சியை விட்டுவிடுவீர்கள் என்று அவர் பயப்படுகிறார்.

தண்டி வளைந்திருக்கிறதா என்பதை மட்டும் நீங்களே பார்த்தாக வேண்டும். வீணையைத் தூக்கி, துப்பாக்கியால் குறி பார்ப்பதுபோல் ஒரு கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். பிறகு சுருதி சேர்த்து, முதல் தந்தியான சாரணியில் பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே வாசியுங்கள். தந்தி மெட்டிலிருந்து உயரே நின்றுகொண்டு, விரல் நோக அழுத்த வேண்டியிருந்தால் தண்டி போய்விட்டது. பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். தண்டி நேராக இருந்து, சுரம் மட்டும் தாறுமாறாகப் பேசினால் குற்றம் மேளத்தில்.

நான் சொல்ல வந்தது இந்த மேளத்தைத்தான்.

கிடார்க்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. மெட்டுகளைக் கட்டையில் அறைந்து அனுப்பிவிடுகிறார்கள். வீணையில் அவை மெழுகில் நிற்கின்றன. தண்டியின் இரண்டு ஓரத்திலும் வயல் வரப்புபோல மெழுகு, அதன்மேல் பாலம் போட்டதுபோல் மெட்டு. ஒரு ராகத்துக்கு மட்டும் மெட்டு வைத்தது ஏகராக மேள வீணை, எல்லா ராகத்துக்கும் பொதுவாக வைத்தது சர்வராக மேள வீணை என்று பழைய சாஸ்திரங்கள் பிரிக்கின்றன. தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் அங்கேதான் 24 மெட்டுகளும் நிலைபெற்றன என்பது மரபு. 72 மேளகர்த்தா என்னும் தாய் ராகங்களைப் பள்ளிப்பிள்ளைபோல ஒப்பிக்கிறோமே, அந்த மேளம் இந்த மெழுகில்தான் பிறந்தது என்பது என் கட்சி. வித்வான்கள் சண்டைக்கு வரட்டும்.

கும்பகோணத்தில் அத்தை வீட்டுக்குப் பொங்கல் கழிந்ததும் தஞ்சாவூரிலிருந்து ஒரு ஆசாரி முதல் பஸ்ஸில் வருவார். திண்ணையில் இரண்டு நாள் வேலை. பழைய மெழுகைச் சுரண்டி, தேன்மெழுகும் குங்கிலியமும் கரித்தூளும் சேர்த்து உருக்கி, வரப்பு போட்டு, ஒவ்வொரு மெட்டாக வைப்பார். சுடவைத்த இரும்பால் மெழுகை இளக்குவார். மெட்டைக் கட்டைவிரலால் அழுத்துவார். தந்தியை மீட்டுவார். மயிரிழை நகர்த்துவார். மறுபடி மீட்டுவார். அத்தை எதிரில் உட்கார்ந்திருப்பாள்.

"ஆசாரியாரே, நான்காம் மெட்டில் சுரம் தூக்கி நிற்கிறது."

"இல்லை அம்மா, உங்கள் தந்தி பழசு."

"நேற்றுத்தான் மாற்றினேன்."

அவர் பதில் சொல்லாமல் நான்காம் மெட்டை இறக்குவார். ஒவ்வொரு வருடமும் இதே சண்டை. இருவருக்கும் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

1986இல் அவர் இறந்துபோனார். அடுத்த பொங்கலுக்கு வேறொருவர் வந்து ஒரே பகலில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அத்தை அரை மணி நேரம் வாசித்துவிட்டு வீணைக்கு உறை போட்டாள். "வீட்டில் யாரோ வந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது" என்றாள். கிழவியின் பிடிவாதம் என்று நினைத்தேன். அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் அந்த நான்காம் மெட்டை அவள் தொடவே இல்லை. அந்த மெட்டுக்குரிய அந்தர காந்தார சுரம் வரும் இடத்திலெல்லாம் மூன்றாம் மெட்டில் தந்தியை இழுத்தே பிடித்தாள்.

காரணம் எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. தந்தியை இழுத்தால் சுரம் ஏறும். இறங்காது. மெட்டின் சுரம் கொஞ்சம் தாழ்ந்து நின்றால் வாசிப்பவர் விரலால் இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம். ஏறி நின்றால் எந்த வித்வானாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பழைய ஆசாரி சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் மெட்டை இறக்கியே வைத்தார். மீதியை அத்தையின் விரலுக்கு விட்டுவைத்தார்.

ஆகவே, ஐயா, ஸ்ரீரங்கத்துக்கு மறுபடி போங்கள். கடைசியாக மேளம் கட்டியது யார், எப்போது என்று வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேளுங்கள். அவர் இருக்கிறாரா, அவரிடம் தொழில் கற்றவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். யாராவது அகப்பட்டால் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் கொடுத்து அழைத்துப்போய்க் காட்டுங்கள். அவர் வீணையைத் தட்டிப் பார்க்கும்போது குறுக்கே பேசாதீர்கள். வருடந்தோறும் வருகிறேன் என்று அவர் சொன்னால் கேட்கிற விலையைக் கொடுங்கள். அப்படி ஒருவர் அகப்படாவிட்டால் 2,500 ரூபாய்க்குத் தந்தாலும் வேண்டாம்.

இங்கே எங்கள் ஆசாரி சாப்பிட்டு வந்துவிட்டார். அத்தை வீணையின் பழைய மெழுகில், ஏழாம் மெட்டுக்குப் பக்கத்தில், ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. யாருடையது என்று தெரியாது. அந்தத் துண்டை மட்டும் எனக்குத் தாருங்கள் என்றேன். "மெழுகை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? பழையது கொஞ்சம் சேர்ந்தால்தான் புதியது பிடிக்கும்" என்று அதையும் சட்டியில் போட்டுவிட்டார்.

வாங்கினால் மத்தியான வெயிலில் காரில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். மெழுகு இளகி மெட்டெல்லாம் அமிழ்ந்துவிடும். இருட்டியபின் மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.