குளத்தூர் ஆபிரகாம்

கேள்வி: வாஷிங்டன், லிங்கன் என்று ஆட்களின் குடும்பப்பெயரையே ஊர்களுக்கும் வைத்திருக்கிறார்களே, வேறு பெயரே கிடைக்கவில்லையா? (ஒரு வாசகர், தென்னூர், திருச்சி)

பதில்: தலைகீழாகக் கேட்கிறீர்கள். ஊர்தான் முதலில், ஆள் அப்புறம். இங்கிலாந்தின் வடகிழக்கில் வாஷிங்டன் என்று ஒரு பழைய கிராமம். 12ஆம் நூற்றாண்டில் அங்கே குடிவந்த வில்லியம் என்பவர் அந்த ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். அவர் வம்சம்தான் ஜார்ஜ் வாஷிங்டன். 1791இல் அமெரிக்கர்கள் புதுத் தலைநகருக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஊரிடம் வாங்கியது ஊருக்கே போனது.

லிங்கன் இன்னும் அழகு. அதுவும் இங்கிலாந்தில் ஒரு பழைய நகரம்தான். ‘லிண்டோன்’ என்றால் பழைய பிரிட்டானிய மொழியில் குளம். ரோமானியர் அங்கே குடியேறி ‘லிண்டம் கொலோனியா’ என்றார்கள். வாயில் தேய்ந்து லிங்கன் ஆயிற்று. அந்தக் குளம் இன்றும் நகரத்தின் நடுவே படகுகளோடு கிடக்கிறது. நம் ஊராக இருந்தால் குளத்தூர். அமெரிக்க ஜனாதிபதியைக் குளத்தூர் ஆபிரகாம் என்று தாராளமாகக் கூப்பிடலாம். நியூட்டன் என்றால் புதூர். புதூர் ஐசக் பிறந்ததும் லிங்கன்ஷயரில்தான்! உங்கள் தென்னூரைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் சட்டன். அந்தப் பெயரில் அங்கே எத்தனையோ ஊர், எத்தனையோ குடும்பம்.

குன்னூர்ப் பக்கத்து வெலிங்டனும் இப்படி வந்ததுதான். இங்கிலாந்தின் சாமர்செட்டில் இருக்கும் ஊர், நெப்போலியனை வென்ற தளபதி ஆர்தர் வெல்லஸ்லிக்குப் பட்டமாகி, அந்தப் பட்டம் கடல் தாண்டி வந்து ஜெகதளா என்ற ஊரின் பக்கத்தில் உட்கார்ந்தது. நீலகிரிப் படகர் மக்களின் ஜெகதளா இன்றும் அங்கேயே இருக்கிறது. சுற்றுலா போகிறவர்கள் அதன் பெயரைக்கூடக் கேட்பதில்லை என்பதில் எனக்குத் தீராத கோபம்.

சரி, நமக்கும் ஊர்தானே முன்னால் நின்றது? சி.என். அண்ணாதுரையின் ‘சி’ காஞ்சிபுரம், அன்றைய ஆங்கில எழுத்தில் Conjeevaram. எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவின் கழுத்தில் தாத்தா பெயருக்கு முன்னால் ஊரின் முதலெழுத்தைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று, ‘ஒரு இனிஷியல் போதும்’ என்று அங்கிருந்தவர் அந்த எழுத்தை அடித்துவிட்டார். இன்றுவரை ஆறவில்லை.

உங்கள் கடிதத்திலும் கையெழுத்துக்கு முன்னால் அப்பாவின் எழுத்து மட்டும்தான் இருக்கிறது. அடுத்த தடவை ‘தெ.’ சேர்த்து எழுதுங்கள்.