சின்னப் படகில் எக்கோ பொருத்துவது: கேட்டவர்களுக்குப் பதில்

மீனும் ஆழமும் காட்டும் எக்கோ மெஷினை ஃபைபர் படகில் மாட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இது. எந்தக் கம்பெனி, என்ன விலை என்று கேட்காதீர்கள். தண்ணீருக்குள் உட்கார்ந்து ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசரைப் பற்றி மட்டும் பேசலாம்.

கே: அண்ணாச்சி, நங்கூரம் போட்டு நிற்கும்போது ஆழம் சரியாகக் காட்டுது. ஓட்டினால் திரை முழுக்கப் புள்ளி, அப்புறம் ஆழமே இல்லை. மெஷின் போச்சா?

ப: மெஷினுக்கு ஒன்றுமில்லை தம்பி, டிரான்ஸ்டியூசர் முகத்துக்குக் கீழே காற்றுக்குமிழி ஓடுகிறது. ஒலி கடல் நீரில் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும், ஆனால் நடுவில் காற்று வந்தால் அதைத் தாண்டாது, அங்கேயே திரும்பிவிடும். பொருத்துகிற வேலையே காற்று வராத இடத்தைத் தேடுகிற வேலைதான். அவுட்போர்டு என்ஜினின் (படகுக்கு வெளியே பின்னால் மாட்டுவது) புரொப்பல்லர் பெரும்பாலும் பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றுகிற பக்கம் சுற்றும். அப்படியானால் படகின் பின்பலகையில் வலப்பக்கம் மாட்டுங்கள், அங்கே இதழ் கீழ்நோக்கி இறங்குவதால் குமிழி குறைவு. புரொப்பல்லரிலிருந்து 38 சென்டிமீட்டராவது தள்ளியிருக்கணும். படகின் அடியில் நீளமாக ஓடும் வரம்புக்கு நேர் பின்னால் வைக்கக்கூடாது. ஃபைபர் அடியைவிட 3 மில்லிமீட்டர் கீழே முகம் இறங்கியிருக்கட்டும். அப்படியும் வேகத்தில் ஆழம் காட்டுவது விட்டுப்போனால் இன்னொரு 3 மில்லிமீட்டர் இறக்கி ஓட்டிப் பாருங்கள். ஒரேயடியாக இறக்கினால் தண்ணீர் பீய்ச்சும், வலையும் மாட்டும்.

கே: ஒலியின் அதிர்வெண் 50-ஆ, 200-ஆ?

ப: கரையோரத்தில் 200 கிலோஹெர்ட்ஸ். ஒலிக்கற்றை ஒடுக்கம், பாரின் (கடலடிப் பாறையின்) விளிம்பு தெளிவாகத் தெரியும். 20 டிகிரி கற்றை என்றால் 20 மீட்டர் ஆழத்தில் தரையில் சுமார் 7 மீட்டர் அகல வட்டத்தைத்தான் பார்க்கிறீர்கள். ஆழக்கடலுக்கு 50.

கே: கேபிள் நீளம் அதிகம். வெட்டி ஒட்டலாமா?

ப: வெட்டாதீர்கள். மிச்சத்தைச் சுருட்டிக் கட்டி வையுங்கள்.

கே: படகை மணலில் இழுத்து ஏற்றுகிறோம், பின்னால் மாட்டியது ரெண்டு முறை உடைந்துவிட்டது. உள்ளே ஒட்டலாமா?

ப: தாராளமாக. ஆனால் அந்த இடத்தில் அடி கெட்டியான ஒற்றை ஃபைபராக இருக்கணும். நம் படகுகளில் பல அறைகளில் மிதப்புக்காக ஃபோம் அடைத்திருப்பார்கள், அதற்கு மேல் ஒட்டினால் ஒன்றும் தெரியாது, ஃபோம் முழுக்கக் காற்று. ஒட்டும் முன் சோதியுங்கள்: ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் விட்டு, நினைத்த இடத்தில் அழுத்திப் பிடித்து ஆழம் பாருங்கள். அப்புறம் அதையே படகுக்கு வெளியே தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். ரெண்டும் ஒத்துப்போனால் மெதுவாக இறுகும் எபாக்சியில் குமிழி இல்லாமல் ஒட்டலாம். சிலிக்கோன் பசை வேண்டாம்.

கே: மேலே சொன்னது தப்பு. உள்ளே ஒட்டினால் சக்தி குறையும், வெளியேதான் மாட்டணும்.

ப: குறையும், மறுக்கவில்லை. தண்ணீர் வெப்பமும் சரியாக வராது. ஆனால் 15 பாகம் (சுமார் 27 மீட்டர்) ஆழத்தில் தொழில் செய்கிறவருக்கு அந்த இழப்பு ஒரு பொருட்டில்லை, மாதம் ஒரு டிரான்ஸ்டியூசர் உடைவதுதான் இழப்பு.

கே: எங்களுக்குத் துறைமுகம் இருக்கு, நாங்கள் ஏன் உள்ளே ஒட்டணும்?

ப: நீங்கள் ஒட்டவே வேண்டாம், வெளியே மாட்டுங்கள். மணலில் ஏறும் படகுக்கும் ஜெட்டியில் நிற்கும் படகுக்கும் ஒரே விடை சொல்லச் சொன்னால் நான் சொல்ல மாட்டேன்.

கே: மரவள்ளத்தில் உள்ளே ஒட்டலாமா?

ப: கூடாது. மரத்தில் ஒலி செத்துவிடும். அடியைத் துளைத்துப் போடுவதானால் பிளாஸ்டிக் வேண்டாம், மரம் ஊறி நெருக்கினால் உடையும், வெண்கலம் போடுங்கள். துளைக்க மனமில்லையா, பக்கவாட்டில் ஒரு குழாய் கட்டி அதன் நுனியில் மாட்டுங்கள், கரை வரும்போது தூக்கிவிடலாம்.

கே: ஓடும்போது ஆழம் காட்டமாட்டேங்குது, என்ன செய்ய?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: அந்தச் சத்தத்துக்கு மீன் ஓடாதா?

ப: பெரும்பாலான மீன்களுக்குச் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, இது 50,000-மும் அதற்கு மேலும். என்ஜின் சத்தத்துக்குத்தான் ஓடும்.

கே: வயர்லெஸ் லைசென்ஸ் எப்படி வாங்குவது?

ப: மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

கே: என்ஜின் போட்டாலே திரையில் கோடு கோடாக வருது. கேபிளை வெட்டிச் சுருக்கினால் சரியாகுமா?

ப: கேபிளை வெட்டாதீர்கள் என்று மேலேயே சொல்லியிருக்கிறேன். என்ஜின் வயரோடு சேர்த்துக் கட்டியிருப்பீர்கள், பிரித்துப் படகின் எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோங்கள். மெஷினுக்குத் தனி பேட்டரி வையுங்கள், பாசிட்டிவ் வயரில் ஃபியூஸ் போடுங்கள். கோடு போகவில்லையென்றால் திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.