பழைய எம்ஜிபிக்கு இலெக்ட்ரோனிக் இக்னிஷன்: கேள்வியும் பதிலும்

காத்தான்குடி: காக்கா, என்ட எம்ஜிபி, அந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1966 மொடல். ஸ்பார்க்குக்காகக் கரண்டை வெட்டி விடுற பொயின்ட்ஸைக் கழற்றி எறிஞ்சுபோட்டு, அதே வேலையைச் செய்ற இலெக்ட்ரோனிக் மொடியூல் போட நினைக்கிறன். எதைப் பார்த்து வாங்க?

முதல்ல பற்றரியைப் பாருங்க. உங்கட வருசத்து வண்டி பொசிட்டிவ் எர்த், பிளஸ் முனைதான் பொடியில பூட்டியிருக்கும். இடையில யாராவது நெகட்டிவ் எர்த்தா மாத்தியிருக்கவும் கூடும். ரெண்டுக்கும் மொடியூல் வேற வேற. தவறிப் போட்டா சாவியைத் திருப்பின உடனேயே எரியலாம். பிறகு பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டர்ல அடிச்சிருக்கிற எழுத்தைப் பாருங்க: 25டி4 ஆ, 45டி4 ஆ எண்டு. ஒண்டுக்கு வாங்கினது மற்றதுக்குப் பொருந்தாது.

டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைப் பக்கவாட்டில ஆட்டிப் பாருங்க. நல்லா ஆடினா புஷ் தேஞ்சு போச்சு, மொடியூல் போட்டாலும் ஸ்பார்க் விழுற டைமிங் ஒரு நிலையில நிக்காது. பொயின்ட்ஸையும் கொண்டென்சரையும் எறியாதீங்க, காருக்குள்ளயே வைங்க. பொயின்ட்ஸ் பழுதாகிறதுக்கு முதல் இருமிக் காட்டும். மொடியூல் சொல்லாமக் கொள்ளாமச் சாகும்.

கல்லடி: அண்ணே, பற்றரி வோல்ட்டை ஸ்பார்க்குக்கு உயர்த்துற கொயிலையும் சேர்த்து ஸ்போர்ட்ஸ் கொயிலா மாத்தவா?

மீற்றர் வைக்காம வாங்காதீங்க தம்பி. கொயில்ட ரெண்டு பக்க வயரையும் கழற்றி, பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில அளங்க. 3 ஓம் கிட்ட வந்தா நேரா 12 வோல்ட்ல ஓடுற கொயில். 1.5 ஓம் எண்டா பலாஸ்ட் கொயில், அதாவது முன்னால பலாஸ்ட் எண்ட றெசிஸ்டன்ஸ் வைச்சு வோல்ட்டைக் குறைச்சு ஓட்டுறது. அதை நேரா 12 வோல்ட்ல குடுத்தா 4 அம்பியருக்குப் பதிலா 8 அம்பியர் இழுக்கும். நாலு சிலிண்டருக்கு வாற சாதாரண மொடியூல், பலாஸ்ட் இல்லாம 3 ஓமுக்குக் குறைஞ்ச கொயிலைத் தாங்காது.

எம்ஜிபியில கடைசியா வந்த ரப்பர் பம்பர் வண்டிகள்ல பலாஸ்ட் தனியாத் தெரியாது, வயர் கட்டுக்குள்ளயே றெசிஸ்டன்ஸ் வயராப் போகும். கண்டுபிடிக்க பொயின்ட்ஸ் மூடியிருக்க சாவியைப் போட்டு, கொயில் பிளஸ்ஸில வோல்ட் பாருங்க. பற்றரி வோல்ட்டுக்குக் கிட்ட வந்தா பலாஸ்ட் இல்ல. 6, 7 எண்டு நிண்டா இருக்கு. இருந்தா மொடியூல்ட சிவப்பு வயரைக் கொயில்ல பூட்டாம, ஃபியூஸ் பெட்டியில இக்னிஷன்ல வாற வெள்ளை வயர்ல எடுங்க. கறுப்பு வயர் கொயில் மைனஸுக்கு. இது நெகட்டிவ் எர்த் வண்டிக்கு மட்டும்.

கொயில் நல்லா இருந்தா பழசே போதும். ஸ்போர்ட்ஸ் எண்ட பேருக்கு எஞ்சின் பவர் கூடாது.

கல்முனை: பூட்டி ரெண்டாம் நாளே மொடியூல் எரிஞ்சிட்டு. எஞ்சினை நிப்பாட்டி, றேடியோ கேட்க சாவியைப் போட்டபடி இருந்ததால வந்ததா?

ஓம், பெரும்பாலும் அதுதான். எஞ்சின் ஓடாம இக்னிஷன் ஒன்ல இருந்தா, கொயிலுக்குள்ளயும் மொடியூலுக்குள்ளயும் கரண்ட் விடாம ஓடிச் சூடேறும். றேடியோவுக்கு அக்செஸரி நிலை போதும். புதுசு போடுறப்போ பிளக் வயரையும் பாருங்க: வெறும் செம்புக் கம்பி வயர் எண்டா கார்பன் வயரா மாத்துங்க. செம்பில வாற இரைச்சல் மொடியூலைக் குழப்பும்.

அக்கரைப்பற்று: மொடியூல் போட்டபிறகு டொப் கியர்ல மெதுவா ஓடி மிதிச்சா கடகட எண்டுது.

டைமிங் முன்னுக்குப் போயிருக்கு, ஸ்பார்க் நேரத்துக்கு முந்தி விழுது. மொடியூல் ஸ்பார்க் விடுற இடம் பொயின்ட்ஸ் திறக்கிற இடம் இல்ல, அதால பூட்டினதும் கட்டாயம் திரும்ப வைக்கணும். டிஸ்ட்ரிபியூட்டர்ட வக்யூம் குழாயைக் கழற்றி அடைச்சு, டைமிங் பார்க்கிற ஸ்ட்ரோப் லைட் கிளிப்பை முதலாம் பிளக் வயர்ல மாட்டி, உங்கட எஞ்சின் நம்பருக்கு மெனுவல் சொல்ற பாகையில வைங்க. அப்பவும் கடகடத்தா 95 ஒக்டேன் அடிச்சுப் பாருங்க, இல்லாட்டி 2 பாகை பின்னுக்கு எடுங்க.

மட்டக்களப்பு நகர்: மார்கழி மழைக்குக் காலையில ஸ்டார்ட் ஆகுதில்ல. மொடியூல் போட்டா சரிவருமா?

அது தனியாச் சரிவராது. டிஸ்ட்ரிபியூட்டர் கப்பைக் கழற்றி உள்ள பாருங்க. முனைக்கு முனை பென்சில் கோடு மாதிரிக் கறுப்பா ஓடியிருந்தா கப் மாத்தணும், சுரண்டிப் பிரயோசனமில்ல. கோடு இல்லாட்டி துணியால ஈரத்தைத் துடைச்சு, பிளக் வயர் ரப்பருக்குள்ள சிலிக்கன் கிரீஸ் பூசுங்க. வாவிக் காத்தில எர்த் முனைகள் பச்சை பிடிக்கும்: எஞ்சினுக்கும் பொடிக்கும் நடுவில போற பட்டையையும், டிஸ்ட்ரிபியூட்டர் பிளேட்டில இருக்கிற சின்ன எர்த் வயரையும் கழற்றி மினுங்க உரஞ்சிப் பூட்டுங்க. கப்புக்குள்ள சுத்துற றோட்டர் வாங்கினா நடுவில ரிவெட் இல்லாததா எடுங்க. மலிவு றோட்டர்ல ஸ்பார்க் அந்த ரிவெட்டால ஷாஃப்டுக்குப் பாஞ்சிடும்.